இருட்டின் நீளத்தை எண்ணும் நொதி: லைட் போட்ட மூன்று நிமிடத்தில் பாதியாவது ஏன்?

நடு ராத்திரி. ஆய்வகத்தின் இருட்டு அறையில் ஓர் எலி ஓடியாடி இரை தின்றுகொண்டிருக்கிறது. திடீரென்று லைட் எரிகிறது. எலி ஒரு கணம் திகைத்து நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால், அதன் மூளையில் மிளகு அளவுகூட இல்லாத ஒரு சுரப்பிக்குள் அந்த நேரத்தில் பெரிய கலவரமே நடக்கிறது. இருட்டில் மெல்ல மெல்லக் கூடிவந்த ஒரு நொதியின் வேகம் சுமார் மூன்று நிமிடத்தில் பாதியாகிறது. அடுத்த மூன்று நிமிடத்தில் அதிலும் பாதி. கால் மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட பகல் அளவுக்கு இறங்கிவிடுகிறது.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் க்ளெய்னும் ஜோன் வெல்லரும் இதை 1972-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1970-ல், இதே நொதி பகலில் அடங்கியும் இரவில் பல மடங்கு எகிறியும் இருப்பதை இதே ஜோடி காட்டியிருந்தது. இரவில் ஏறுவது ஆச்சரியம்தான். ஆனால், இவ்வளவு வேகமாக இறங்குவது இன்னும் பெரிய ஆச்சரியம். உடம்பு கஷ்டப்பட்டுச் செய்துவைத்த ஒரு நொதியை ஏன் இப்படி நிமிடக் கணக்கில் காலி செய்ய வேண்டும்?

அந்த நொதியின் முழுப் பெயர் வாய்க்குள் நுழையாது: அரைல்அல்கைலமைன் என்-அசிட்டைல்டிரான்ஸ்ஃபெரேஸ். சுருக்கமாக ஏஏநாட். மெலடோனின் என்ற ஹார்மோன் எப்போது சுரக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இதுதான். நேரம் காட்டும் என்சைம் என்பதால் க்ளெய்ன் இதற்கு 'டைம்சைம்' என்று செல்லப்பெயரே வைத்தார்.

தூக்க ஹார்மோனா?

மெலடோனின் என்றதும் 'தூக்க ஹார்மோன்' என்று சொல்லிவிடுகிறோம். எலியைக் கேட்டால் ஒப்புக்கொள்ளாது. எலிக்கும் மெலடோனின் இரவில்தான் ஏறுகிறது. ஆனால், இரவில்தான் அது முழித்துக்கொண்டு ஊர் சுற்றுகிறது. பகலில் நடமாடும் மனிதருக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும்கூட ஏறுவது இரவில்தான். ஆக, மெலடோனின் சொல்லும் செய்தி 'தூங்கு' என்பது அல்ல; 'வெளியே இருட்டாக இருக்கிறது' என்பது. அதைக் கேட்டுத் தூங்குவதா, இரை தேடப் போவதா என்பது அந்தந்த விலங்கின் வேலை.

இந்த ஹார்மோனைக் கண்டுபிடித்தவர் தூக்கத்தைத் தேடிப் போனவரும் அல்ல. மாட்டின் பினியல் சுரப்பியைத் தவளையின் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்தால் அவற்றின் தோல் வெளுக்கிறது என்று 1917-லேயே தெரிந்திருந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆரோன் லெர்னருக்கு இதில் ஒரு நம்பிக்கை. வெண்புள்ளி போன்ற தோல் பிரச்சினைகளுக்கு இது உதவலாமே என்று நினைத்தார். இறைச்சிக்கூடங்களிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாட்டுப் பினியல் சுரப்பிகளை வாங்கி, அரைத்து, பிரித்து, 1958-ல் துளியூண்டு பொருளைக் கையில் எடுத்தார். அதற்கு மெலடோனின் என்று பெயர் வைத்தார். வெண்புள்ளிக்கு அது மருந்தாகவில்லை.

குடோன் இல்லாத தொழிற்சாலை

மெலடோனின் தயாராவது நான்கு படிகளில். சாப்பாட்டிலிருந்து வரும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் இரண்டு படிகளில் செரட்டோனின் ஆகிறது. மூன்றாவது படியில் ஏஏநாட் வந்து செரட்டோனினுடன் ஒரு சிறு அசிட்டைல் தொகுதியை ஒட்டுகிறது. கடைசிப் படியில் இன்னொரு நொதி அதை மெலடோனினாக முடித்துக் கொடுக்கிறது. இந்தப் பாதையைத் துலக்கியதில் ஜூலியஸ் ஆக்ஸெல்ராடுக்குப் பெரிய பங்கு உண்டு. நரம்புகள் பேசிக்கொள்ளும் வேதிப்பொருட்களைப் பற்றிய வேறு ஆய்வுக்காக 1970-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். க்ளெய்ன், வெல்லரின் கதையில் அந்த வேதிப்பொருட்களில் ஒன்று திரும்ப வரப்போகிறது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், பகலில் பினியல் சுரப்பியில் மூலப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. செரட்டோனின் அங்கே குவிந்து கிடக்கிறது. கடைசிப் படிக்கான நொதியும் நாள் முழுக்க இருக்கிறது. நடுவில் ஏஏநாட் என்ற ஒரே ஒரு ஆள் வேலைக்கு வரவில்லை. இருட்டியதும் அவர் வந்துவிடுகிறார். செரட்டோனின் குவியல் கரைகிறது, மெலடோனின் ஏறுகிறது.

செய்ததைச் சேமித்துவைக்க இந்தச் சுரப்பியில் இடம் கிடையாது. இன்சுலினைப் போலப் பைகளில் அடைத்துவைத்துத் தேவைப்படும்போது திறந்துவிடுவது இங்கே இல்லை. மெலடோனின் கொழுப்பில் எளிதாகக் கரையும் பொருள் என்பதால் செல் சவ்வு அதைத் தடுப்பதில்லை. உண்டானதும் வெளியே வந்துவிடுகிறது. ரத்தத்திலும் ரொம்ப நேரம் தங்காது. ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே பாதிக்கு மேல் கல்லீரலில் சிதைந்துவிடும். அதனால், இந்த நிமிடம் ரத்தத்தில் எவ்வளவு மெலடோனின் இருக்கிறது என்பதை இந்த நிமிடம் தயாரிப்பு எப்படி ஓடுகிறது என்பதே முடிவுசெய்கிறது. நொதியை நிறுத்தினால் செய்தியும் நிற்கும். மூன்று நிமிடக் கணக்கின் முதல் காரணம் இதுதான்.

(ஒரு சின்னத் திருத்தம். ராத்திரி ஏஏநாட் அளவுக்கு அதிகமாக ஏறியபின், எவ்வளவு மெலடோனின் என்பதைக் கடைசிப் படியின் நொதிதான் கட்டுப்படுத்துகிறது என்று 2000-களில் எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டின. ஆகவே 'எவ்வளவு' என்ற கேள்விக்கு இரண்டு பேர் பதில் சொல்ல வேண்டும். 'எப்போது' என்ற கேள்விக்கு ஏஏநாட்தான்.)

ஸ்விட்ச் எங்கே இருக்கிறது?

பாலூட்டிகளின் பினியல் சுரப்பிக்குத் தானாக வெளிச்சம் தெரியாது. அதற்குச் செய்தி வரும் வழி தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் கதை. கண்ணின் விழித்திரையில் கிளம்பி, மூளையின் அடியில் உள்ள உடல் கடிகாரத்துக்குப் போகிறது. அங்கிருந்து தலையை விட்டே வெளியேறி முதுகுத்தண்டில் இறங்குகிறது. பிறகு கழுத்தில் உள்ள ஒரு நரம்பு முடிச்சு வழியாக மறுபடி மேலே ஏறி மூளையின் நடுவில் இருக்கும் பினியலுக்கு வந்து சேர்கிறது. ஒரு மருத்துவ உண்மை இதை உறுதிசெய்கிறது: கழுத்துப் பகுதியில் முதுகுத்தண்டு முழுமையாகத் துண்டிக்கப்பட்டவர்களுக்கு மெலடோனினின் இரவு ஏற்றம் காணாமல் போகிறது. கண்ணும் சரி, மூளையும் சரி, சுரப்பியும் சரி. ஒயர்தான் அறுந்திருக்கிறது.

கண்ணில் இந்த வேலைக்கென்று தனி செல்கள் இருக்கின்றன. பொருட்களைப் பார்க்க உதவும் செல்கள் அல்ல அவை. வெளிச்சத்தின் அளவை மட்டும் கவனிப்பவை. மெலனாப்சின் என்ற நிறமி அவற்றில் இருக்கிறது. பார்வை முழுக்க இழந்த சிலருக்குக்கூடக் கண்ணில் வெளிச்சம் பட்டால் மெலடோனின் குறைவது 1995-ல் பதிவானது. அப்போது புதிராக இருந்த அந்தச் செய்தி, இந்தச் செல்கள் கண்டுபிடிக்கப்பட்டபின் புரிந்தது.

இரவில் அந்த நரம்பின் முனை நார்அட்ரினலினைக் கொட்டுகிறது. ஆக்ஸெல்ராட் நோபல் வாங்கிய ஆய்வின் நாயகன் இதே பொருள்தான். அது பினியல் செல்லின் பீட்டா ஏற்பிகளில் ஒட்டியதும், செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப் பொருள் பெருகுகிறது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் 'பீட்டா பிளாக்கர்' மாத்திரைகளில் சில இரவு மெலடோனினைக் குறைப்பதற்கு இந்த ஏற்பிதான் காரணம். (அதற்காக யாரும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. தூக்கம் கெடுகிறது என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.)

காவலாளியும் சிதைக்கும் எந்திரமும்

இப்போது அந்த மூன்று நிமிடத்துக்கு வரலாம். நொதி என்பது ஒரு புரதம். பொதுவாகப் புரதங்கள் மணிக்கணக்கில், நாள்கணக்கில் நீடிக்கும். ஏஏநாட்டைப் பாதுகாப்பில்லாமல் விட்டால் செல்லுக்குள் இருக்கும் புரோட்டியசோம் என்ற சிதைப்பு எந்திரம் உடனே அதைக் கடித்துத் துப்பிவிடும். அது பிறக்கும்போதே ஆபத்தில் பிறக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

இரவில் காப்பாற்றுவது யார்? சைக்ளிக் ஏ.எம்.பி. பெருகும்போது விழித்துக்கொள்ளும் ஒரு நொதி, ஏஏநாட்டின் இரண்டு முனைகளுக்கும் அருகே பாஸ்பேட் முத்திரை குத்துகிறது. அந்த முத்திரையை அடையாளம் கண்டு, 14-3-3 என்ற புரதம் ஏஏநாட்டைத் தன் குழிவுக்குள் அணைத்துக்கொள்கிறது. பெயரைப் பார்த்தால் வீட்டுக் கதவு எண் போல இருக்கிறது. 1960-களில் மூளைப் புரதங்களைப் பிரித்தபோது அது எந்தக் குழாயில், எந்த இடத்தில் வந்ததோ அந்த எண்கள் அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டன. இந்த அணைப்பில் இருக்கும்வரை ஏஏநாட்டை யாரும் சிதைக்க முடியாது. வேலையும் இன்னும் சுறுசுறுப்பாக நடக்கிறது. இரண்டும் அணைத்தபடி இருக்கும் படிக அமைப்பு 2001-ல் வெளியானது.

லைட் எரிந்ததும் எல்லாம் தலைகீழ். நரம்பு அமைதியாகிறது. நார்அட்ரினலின் நிற்கிறது. சைக்ளிக் ஏ.எம்.பி. சரிகிறது. பாஸ்பேட் முத்திரை அழிகிறது, 14-3-3 கையை விடுகிறது, புரோட்டியசோம் வேலையை முடிக்கிறது. சிதைப்பது புரோட்டியசோம்தான் என்பது 1998-ல் உறுதியானது. புரோட்டியசோமைத் தடுத்துவைத்தால் ஏஏநாட் விழுவதில்லை.

எலிக்கு ஒரு வழி, ஆட்டுக்கு ஒரு வழி

ஏஏநாட்டின் மரபணுவை 1995-ல் ஒரு குழு செம்மறியாட்டிலும் இன்னொரு குழு எலியிலும் பிரித்தெடுத்தன. அப்போதுதான் ஒரு சங்கடம் தெரியவந்தது. இரண்டு விலங்குகளும் ஒரே வேலையை வேறு வேறு இடத்தில் கட்டுப்படுத்துகின்றன.

எலியில் பகலில் மரபணுவே ஏறக்குறைய மூடிக் கிடக்கிறது. நொதியைச் செய்வதற்கான எம்.ஆர்.என்.ஏ. நகல் இருட்டிய பிறகுதான் எடுக்கப்படுகிறது. இரவில் அது நூறு மடங்குக்கும் மேல் கூடுகிறது. அதனால் எலிக்கு மெலடோனின் ஏற இருட்டியபின் சில மணி நேரம் பிடிக்கும். ஆட்டில் கதை வேறு. அந்த நகல் பகலிலும் தாராளமாக இருக்கிறது. பகல் முழுக்க நொதி செய்யப்படுகிறது, செய்யச் செய்யச் சிதைக்கப்படுகிறது. இருட்டியதும் சிதைப்பு நிற்கிறது. சில நிமிடங்களிலேயே நொதி கூட ஆரம்பிக்கிறது.

பகலெல்லாம் செய்து செய்து குப்பையில் போடுவது வீண் செலவு மாதிரி தெரியலாம். ஆனால் அந்தச் செலவில் ஆடு வேகத்தை வாங்குகிறது. கியரில் போட்டு கிளட்சை மிதித்து சிக்னலில் நிற்கும் வண்டி அது. எலியின் வண்டி இன்ஜின் அணைந்து நிற்கிறது.

மனிதர் எந்தப் பக்கம்? உயிரோடு இருப்பவரின் மூளை நடுவிலிருந்து ராத்திரி ராத்திரி சுரப்பியை எடுத்துப் பார்க்க முடியாது. ஆனால், ரீசஸ் குரங்குகளில் செய்த ஆய்வில் எம்.ஆர்.என்.ஏ. இரவு பகல் பெரிதாக மாறவில்லை, நொதிதான் மாறியது. அதாவது நம் குடும்பம் ஆட்டின் பக்கம். எலியில் கண்ட மரபணு ஸ்விட்சை அப்படியே மனிதருக்குப் பொருத்திப் பேசும் செய்திகளை இந்த ஒரு காரணத்துக்காகவே கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்கலாம்.

சுண்டெலியில் சங்கடம் இன்னும் மோசம். உலகெங்கும் ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் சி57 பிளாக் 6 வகைச் சுண்டெலிக்கு ஏஏநாட் மரபணுவிலேயே ஒரு பழுது. நகல் தப்பாக வெட்டி ஒட்டப்படுகிறது, நொதி பாதியில் முடிந்துவிடுகிறது. அதன் பினியலில் மெலடோனின் ஏறக்குறைய இல்லை. 1998-ல் இந்தப் பழுது விளக்கப்பட்டது. தூக்கத்தையும் உடல் கடிகாரத்தையும் பற்றி எத்தனையோ ஆய்வுகளுக்கு ஆதாரமான விலங்கு, இரவைச் சொல்லும் ஹார்மோன் இல்லாமலேயே வாழ்ந்துகொண்டிருக்கிறது.

கடலில் இதைவிடப் பெரிய உதாரணம் உண்டு. திமிங்கலங்களும் டால்பின்களும் ஏஏநாட் மரபணுவையும், கடைசிப் படி நொதியின் மரபணுவையும், மெலடோனினைக் கேட்கும் ஏற்பிகளையும் இழந்துவிட்டன என்று 2019-ல் வெளியான மரபணு ஒப்பீடு காட்டியது. மூச்சு வாங்க மேலே வந்துகொண்டே இருக்க வேண்டிய இந்த விலங்குகள், மூளையின் ஒரு பாதியை மட்டும் மாற்றி மாற்றித் தூங்கவைப்பவை.

கோழிக்கு ஒயரே தேவையில்லை. அதன் பினியல் செல்களைத் தனியே எடுத்துத் தட்டில் வளர்த்தாலும் அவை தாமாகவே இரவு பகல் கணக்கு வைக்கும்; வெளிச்சத்தையும் நேரடியாக உணரும். கடிகாரம், கண், தொழிற்சாலை மூன்றும் ஒரே செல்லில். ரெயின்போ டிரவுட் மீனின் பினியலில் வெளிச்ச உணர்வு இருக்கிறது, கடிகாரம் கிடையாது. தொடர்ந்து இருட்டில் வைத்தால் அது மெலடோனினைச் சுரந்துகொண்டே இருக்கும்.

ஆட்டுக்கு இது பிழைப்பு

சென்னையில் ஆண்டின் மிக நீளமான பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். லண்டனில் அது ஒன்பது மணி நேரத்தை நெருங்கும். அந்த ஊர்களில் தப்பான மாதத்தில் பிறக்கும் குட்டி பனியில் செத்துப்போகும். அங்கே இரவின் நீளம் உயிர் பிரச்சினை.

ஏஏநாட் இருட்டியதும் ஏறி, விடிந்ததும் விழுவதால், மெலடோனின் எத்தனை மணி நேரம் ஓடுகிறதோ அதுவே இரவின் நீளம். குளிர்காலத்தில் நீண்ட செய்தி, கோடையில் குட்டையான செய்தி. விழுவது மந்தமாக இருந்தால் ஜூன் இரவுக்கும் டிசம்பர் இரவுக்கும் உள்ள எல்லை கலங்கிவிடும். மூன்று நிமிடக் கணக்கின் இரண்டாவது காரணம் இங்கேதான் இருக்கிறது.

குளிர் நாடுகளின் செம்மறிகள் பகல் குறையத் தொடங்கும்போது பருவத்துக்கு வருகின்றன. சினைக்காலம் சுமார் ஐந்து மாதம் என்பதால், குட்டிகள் வசந்தத்தில் புல் முளைக்கும்போது பிறக்கின்றன. ஹாம்ஸ்டர்கள் இதற்கு நேர்மாறு: பகல் குறைந்தால் இனப்பெருக்க உறுப்புகள் சுருங்கிவிடும். பினியலை எடுத்துவிட்டால் அது நடப்பதில்லை என்று 1965-ல் தெரிந்தது.

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆடு வளர்ப்போர் இதைக் காசாக்கவும் கற்றுக்கொண்டார்கள். காதுக்கருகே தோலுக்கடியில் சின்ன மெலடோனின் குச்சி ஒன்றை வைத்தால், வெளியே பகல் நீண்டிருந்தாலும் பெட்டை ஆட்டின் உடம்பு இரவு நீண்டுவிட்டதாக எண்ணிக்கொள்கிறது. முன்கூட்டியே பருவத்துக்கு வருகிறது. குட்டிகள் சந்தைக்குச் சீக்கிரம் வருகின்றன.

நாமக்கல் கோழிப்பண்ணைகளில் அதிகாலையிலும் இரவிலும் லைட் போடுவதும் இதற்குத்தானே என்று கேட்கலாம். இல்லை. பறவைகளின் முட்டைப் பருவத்தை முதன்மையாக இயக்குவது மூளைக்குள் ஆழத்தில் இருக்கும் வேறு வெளிச்ச உணரிகள். அங்கே மெலடோனின் முக்கிய ஆள் இல்லை.

நம் வீட்டு லைட்

மனிதரில் பிரகாசமான வெளிச்சம் இரவு மெலடோனினை அடக்கும் என்பது 1980-ல் நிரூபணமானது. அப்போது பயன்பட்டது 2,500 லக்ஸ். சாதாரண வீட்டு விளக்கை விடப் பல மடங்கு. அதனால் வீட்டு வெளிச்சம் ஒன்றும் செய்யாது என்று ஒரு காலம் நம்பப்பட்டது. 2011-ல் அமெரிக்காவில் 116 பேரிடம் செய்த ஆய்வு அதை மாற்றியது. படுக்கப் போகும்வரை 200 லக்ஸுக்கும் குறைவான அறை வெளிச்சத்தில் இருந்தாலே, மங்கலான வெளிச்சத்தில் இருந்ததை ஒப்பிட மெலடோனின் ஓடும் நேரம் சுமார் 90 நிமிடம் குறைந்தது. மெலனாப்சின் செல்களுக்கு நீல நிறத்தின் மீது கூடுதல் பிரியம் என்பதால் 460 முதல் 480 நானோமீட்டர் வரையிலான ஒளி அதிகம் பாதிக்கிறது.

ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு அல்ல. வெளிச்சத்துக்கு மெலடோனின் எவ்வளவு பணிகிறது என்பதில் ஆளுக்கு ஆள் ஐம்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம் இருப்பதாக 2019-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரே அறையில் ஒரே ட்யூப் லைட்டின் கீழ் இருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு இரவு தொடங்கியிருக்கும், இன்னொருவருக்கு இன்னும் பகலாகவே இருக்கும்.

இதை அதிகம் சுமப்பவர்கள் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள். மருத்துவமனை, கால் சென்டர், மில், சோதனைச் சாவடி என எல்லா இடத்திலும் லைட் எரியும், நொதி அடங்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப் பணியை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2ஏ பட்டியலில் 2007-ல் சேர்த்தது, 2019-ல் உறுதிசெய்தது. மெலடோனின் அடங்குவது அதற்கான சாத்தியமான காரணங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. கலைந்த தூக்கம், மாறிய சாப்பாட்டு நேரம் போன்றவையும் அந்த விவாதத்தில் உண்டு.

நடுவில் ஒருமுறை லைட் போட்டால் என்ன ஆகும்? செக் விஞ்ஞானி ஹெலினா இல்னெரோவாவும் சக ஆய்வாளரும் 1970-களின் இறுதியில் எலிகளுக்கு ஒரே ஒரு நிமிடம் வெளிச்சம் காட்டிப் பார்த்தார்கள். முன்னிரவில் காட்டினால் நொதி விழுந்து, தாமதமாக மறுபடி எழுந்தது. பின்னிரவில் காட்டியபோது அந்த இரவு திரும்ப எழவே இல்லை. எலியைப் பொறுத்தவரை அந்த ஒரு நிமிடத்தோடு விடிந்துவிட்டது.